சகாராவின் தூசி, அல்மேரியாவின் தக்காளி

ஸ்பெயின் நாட்டு வரைபடத்தில் தென்கிழக்கு மூலையைத் தேடுங்கள். கடலோரத்தில் அல்மேரியா என்று ஓர் ஊர் இருக்கும். அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், ஊருக்கு முன்னால் வேறொன்று கண்ணில் படும். கடலை ஒட்டி, பளீரென்று வெள்ளையாக ஒரு பெரிய திட்டு. பனியா? அங்கே அவ்வளவு குளிர் கிடையாது. உப்பளமா? அதுவும் கிடையாது. அத்தனையும் பசுமைக்குடில்களின் கூரை! 30,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 75,000 ஏக்கர் நிலம் பிளாஸ்டிக் தாளின் கீழே இருக்கிறது. அதற்குப் 'பிளாஸ்டிக் கடல்' என்றே பெயர் வந்துவிட்டது. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் கடைகளுக்கு வரும் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரியில் பெரும்பகுதி இங்கே விளைகிறது.

இந்த ஊருக்கு வெயில் ஒரு கொடை. ஆனால் அந்த வெயிலில் கொஞ்சத்தை ஒரு திருடன் கூரை மேலேயே பறித்துக்கொள்கிறான். அவன் கடல் தாண்டி வருகிறான். மத்தியதரைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா, அங்கே சகாரா பாலைவனம். தெற்கிலிருந்து பலமாகக் காற்று வீசினால் பாலைவனத் தூசி மேலே எழும்பி, கடலைக் கடந்து ஸ்பெயினில் வந்து இறங்கும். 2022 மார்ச் மாத நடுவில் அப்படி வந்த தூசியால் ஸ்பெயினின் பல ஊர்களில் வானமே ஆரஞ்சு நிறமானது. கூடவே மழையும் பெய்ததால் கார், ஜன்னல், கூரை எல்லாவற்றின் மேலும் சேறு தெளித்தது போல ஆகிவிட்டது.

கூரையில் தூசி படிந்தால் என்ன? துடைத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். 75,000 ஏக்கரைத் துடைக்க வேண்டுமே! துடைக்காமல் விட்டால்தான் என்ன நடக்கும்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வெளிச்சம் குறைந்தால் விளைச்சல் குறையும்

இலை தன் உணவைத் தானே தயாரிக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தண்ணீரும் கரியமில வாயுவும் மூலப்பொருள், ஒளிதான் அந்தச் சமையலுக்கு நெருப்பு. சூரிய ஒளியில் எல்லாமே இதற்குப் பயன்படாது. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளியைத்தான் ஒளிச்சேர்க்கைக்கு இலை எடுத்துக்கொள்கிறது. ஊதாவிலிருந்து சிவப்பு வரை நம் கண்ணுக்குத் தெரியும் வானவில்லும் ஏறக்குறைய இதுதான்.

நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில் விவசாயிகளிடம் ஒரு கணக்கு உண்டு: ஒளி 1 சதவீதம் குறைந்தால் விளைச்சலும் 1 சதவீதம் குறையும். அந்நாட்டின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பயிர்களின் விவரங்களைத் திரட்டி, இது சரிதானா என்று 2006இல் பார்த்தார்கள். தக்காளி, வெள்ளரி போலக் காய்க்கும் பயிர்களில் ஒளி 1 சதவீதம் குறைந்தால் விளைச்சல் 0.7 முதல் 1 சதவீதம் வரை குறைகிறது என்று தெரிந்தது. ஆக, விவசாயியின் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. 100 கூடை தக்காளி பறிக்கும் இடத்தில் 10 சதவீத ஒளி போனால் 7 முதல் 10 கூடை வரை காணாமல் போகும். கூரைத் தூசிக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

நூறில் எத்தனை உள்ளே வரும்?

தூசியே இல்லாத புத்தம் புதுக் கூரையாக இருந்தாலும் ஒளி முழுவதும் உள்ளே வராது. கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை அதன் மேற்பரப்பு திருப்பி அனுப்பிவிடும். உள்ளே நுழைந்தது அடிப்பரப்பைத் தாண்டும்போது இன்னொரு 4 சதவீதம் திரும்பும். கண்ணாடியே கொஞ்சம் விழுங்கும். மீதம் ஏறக்குறைய 90. அல்மேரியாவில் பயன்படுத்தும் பாலிஎத்திலீன் தாள் சுமார் 200 மைக்ரான் தடிமன் கொண்டது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல புதுத் தாளும் ஏறக்குறைய இதே அளவு ஒளியை உள்ளே விடும்.

இப்போது பென்சிலை எடுங்கள். 100 பங்கு ஒளி வருகிறது. தாளைக் கடந்ததும் 90. தூசி அதில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 90இல் 10 சதவீதம் 9, ஆக மீதம் 81. கூரையைத் தாங்கும் கம்பி, சட்டம், தூண் ஆகியவற்றின் நிழல் இன்னொரு 10 சதவீதம் என்றால் மீதம் சுமார் 73. விடிகாலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி கட்டியிருந்தால் அதுவும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். செடியின் உச்சி இலைக்கு இப்படிப் பல கைகள் எடுத்தது போக மிஞ்சியதுதான் கிடைக்கிறது.

தாளின் குணத்தை நாம் மாற்ற முடியாது. தூணை எடுத்தால் கூரை விழுந்துவிடும். இந்தப் பட்டியலில் நம் கையால் நீக்கக்கூடியதில் முக்கியமானது தூசிதான்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும் தூசியிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு நாளும் வெறுமையாக இருக்கும் பரப்பில் 1 சதவீதத்தைத் தூசி மூடுகிறது என்போம். 30 நாளில் 30 சதவீதம் மூடிவிடுமா? மூடாது. நாள் ஆக ஆக, புதிதாக விழும் துகள்களில் சில பழைய துகள்களின் தலையிலேயே போய் உட்காரும். அவற்றால் புதிதாக நிழல் உண்டாகாது. கணக்குப் போட்டால் 26 சதவீதம்தான் வரும். முதலில் படியும் தூசிக்கு வேகம் அதிகம், பின்னால் வருவதற்குக் குறைவு. அதனால் கழுவிய மறுவாரமே கூரை மங்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

துகள் ஒளியை என்ன செய்கிறது?

கடல் தாண்டி வரும் சகாராத் துகள்களில் பெரும்பாலானவை சில மைக்ரான் அளவே இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அவை எவ்வளவு சிறியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை சிறிய துகளின் மேல் ஒளி பட்டால் மூன்று விதமாக நடக்கலாம்.

ஒன்று, வந்த பக்கமே வானத்துக்குத் திரும்பிப் போகலாம். இரண்டு, துகளுக்குள் அடங்கி வெப்பமாக மாறலாம். மூன்று, திசை மாறி முன்னோக்கியே போகலாம். இந்த மூன்றாவதற்கு முன்னோக்கிய சிதறல் என்று பெயர். ஒளியின் அலைநீளத்தைவிடச் சில மடங்கு பெரிய துகள்கள், தாம் சிதறடிக்கும் ஒளியில் பெரும்பங்கை முன்பக்கமாகவே அனுப்புகின்றன. அதனால் கூரையில் லேசான தூசி படிந்திருக்கும்போது, குடிலுக்குள் முதலில் தெரியும் மாற்றம் இருட்டு அல்ல, நிழல்களின் ஓரம் மங்குவதுதான். ஒளியில் ஒரு பகுதி போய்விட்டது, இன்னொரு பகுதி திசை மாறி உள்ளேதான் வந்திருக்கிறது.

திசை மாறிய ஒளியால் செடிக்கு ஒரு நன்மையும் உண்டு. நேர்வெயிலில் உச்சி இலைக்குத் திகட்டத் திகட்ட ஒளி கிடைக்கும், அடி இலை நிழலில் வாடும். பல திசையிலிருந்து வரும் சிதறிய ஒளி இடுக்குகளில் நுழைந்து அடி இலைகளையும் தொடும். இதற்காகவே ஒளியைச் சிதறடிக்கும் தாளையும் கண்ணாடியையும் தயாரித்து விற்கிறார்கள்.

அப்படியானால் தூசியும் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்தத் தாள் ஒளியை அதிகம் விழுங்காமல் திசையை மட்டும் மாற்றுகிறது. தூசியோ விழுங்கவும் செய்கிறது. சகாராத் தூசியின் செம்மஞ்சள் நிறத்தைக் கவனியுங்கள். அதில் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவுக்காரப் பொருள், கலந்திருக்கிறது. அது நீல ஒளியை விழுங்கிக்கொண்டு சிவப்பையும் மஞ்சளையும் விட்டுவிடுகிறது. அதனால்தான் நம் கண்ணுக்குச் சிவந்து தெரிகிறது. செடியின் பச்சையம் விரும்பிக் கவரும் நிறங்களில் நீலமும் ஒன்று. தூசியின் நிறத்தைப் பார்த்தாலே, அது எந்த ஒளியைத் தின்றிருக்கிறது என்று சொல்லிவிடலாம்!

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

காற்று அடித்தால் தூசி பறந்துவிடக் கூடாதா? காற்று கொண்டுவந்ததுதானே!

சமையலறையில் போய்ப் பாருங்கள். உள்ளங்கையில் கல் உப்பை வைத்துக் கவிழ்த்தால் அத்தனையும் விழுந்துவிடும். மாவை வைத்துக் கவிழ்த்தால் கையில் ஒரு படலம் அப்படியே ஒட்டியிருக்கும். அளவுதான் காரணம். ஒரு துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால், அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறதல்லவா? ஆனால் அதைப் பரப்போடு பிடித்து வைக்கும் ஒட்டுவிசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். துகள் சிறுக்கச் சிறுக்க, எடை ஒட்டுவிசையிடம் தோற்றுக்கொண்டே போகிறது. பெரிய மணல் உருண்டு ஓடிவிடும், நுண்தூசி தங்கிவிடும்.

பிளாஸ்டிக் கூரைக்கு இன்னொரு குணமும் உண்டு. உலர்ந்த தலையில் தேய்த்த சீப்பு, காகிதத் துணுக்கை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பாலிஎத்திலீனும் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் உண்டாகும் மின்னேற்றம் எளிதில் வழிந்து போகாமல் தங்கி, தூசியை இழுக்கும்.

பிறகு பனித்துளி வருகிறது. இரவில் கூரை குளிர்ந்து அதன் மேல் ஈரம் படியும். தூசியில் உள்ள உப்புகள் அந்த ஈரத்தில் கரையும். காலையில் வெயில் வந்ததும் தண்ணீர் போய்விடும், உப்பு பசை போல இறுகித் துகள்களைத் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பல நாள் இப்படி நனைந்து காய்ந்த தூசி, ஊதினால் போகாது.

நல்ல மழை பெய்தால் கழுவிவிடும். ஆனால் அல்மேரியா ஐரோப்பாவின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு முழுவதும் அங்கே பெய்வது சுமார் 200 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் கிடைக்கிறது. போதாக்குறைக்கு அங்கே பழைய கூரைகள் தட்டையானவை. ஒரு காலத்தில் அந்தப் பகுதி திராட்சைக்குப் பேர்போனது. திராட்சைக் கொடி படர்வதற்குப் போட்ட கம்பிப் பந்தல்களைப் பார்த்துத்தான், 1960களில் அதே மாதிரிப் பந்தலின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்தார்கள். பந்தல் தட்டை, அதனால் கூரையும் தட்டை. நீர் வழிந்து ஓட வழியில்லாமல் அழுக்கு அங்கேயே தங்கியது. பின்னால் கட்டிய குடில்களில் கூரையை மேடும் பள்ளமுமாகச் சாய்த்தார்கள்.

டிசம்பரில் தூசிக்குப் பலம் அதிகம்

ஒரே அளவு தூசி எல்லா மாதமும் ஒரே அளவு ஒளியையா திருடும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு பந்தும் டார்ச்சும் போதும். பந்தைத் தரையில் வைத்து, அதற்கு நேர் மேலிருந்து டார்ச் அடியுங்கள். நிழல் பந்தின் அளவே வட்டமாக இருக்கும். டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். நிழல் நீளும். டார்ச் தரையிலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, நிழலின் நீளம் பந்தின் குறுக்களவைப் போல இரண்டு மடங்காகிவிடும்.

அல்மேரியாவில் டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் தெரியுமா? ஏறக்குறைய 30 டிகிரிதான்! தட்டைக் கூரையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு துகளும் அன்றைக்கு இரண்டு மடங்கு இடத்தில் நிழல் விழவைக்கும். ஜூன் மாதத்தில் சூரியன் நண்பகலில் 76 டிகிரிக்கு மேல் நிற்பதால் நிழல் அவ்வளவு நீளாது. பகல் நேரத்தையும் பாருங்கள். ஜூனில் பதினான்கரை மணி நேரத்துக்கு மேல் பகல், டிசம்பரில் சுமார் ஒன்பதரை மணி நேரம்தான். ஒளி குறைவாகக் கிடைக்கும் மாதத்தில்தான் தூசி அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அதே மாதத்தில்தான் அல்மேரியாவில் செடிகள் காய்த்துக் குலுங்குகின்றன.

தாங்களே பூசும் வெள்ளை

இத்தனை சொன்ன பிறகு ஒரு செய்தி உங்களைத் திகைக்க வைக்கும். அல்மேரியா விவசாயிகள் கோடையில் தங்கள் கூரையைத் தாங்களே அழுக்காக்குகிறார்கள்! சுண்ணக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட்டைத் தண்ணீரில் கலந்து கூரை முழுவதும் தெளிக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த பளீர் வெள்ளைக்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கே கோடை முடிவில் இளம் நாற்று நடுவார்கள். அப்போது வெயில் கடுமையாக இருக்கும், மூடிய கூரைக்குள் வெப்பம் ஏறும், பிஞ்சு நாற்று தாங்காது. வெள்ளைப் பூச்சு வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக் குடிலைக் குளிர்விக்கும். இலையுதிர் காலம் வந்ததும் தண்ணீர் அடித்துப் பூச்சைக் கழுவிவிடுவார்கள், தூசியும் அதோடு போய்விடும். வெயில் ஏறும் வசந்தத்தில் மறுபடி பூசுவார்கள். கூரைகள் இத்தனை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஊரின் வெப்பநிலையே மாறியிருக்கிறது. அல்மேரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1983க்கும் 2006க்கும் இடையே சுற்றுப் பகுதிகள் வெப்பமாகிக்கொண்டிருந்தபோது, குடில்கள் நிறைந்த பகுதி பத்தாண்டுக்கு சுமார் 0.3 டிகிரி என்ற அளவில் குளிர்ந்திருக்கிறது.

தூசியும் பூச்சும் ஒளியைக் குறைப்பவைதான். பூச்சு வேண்டிய மாதத்தில் வேண்டிய அளவு வருகிறது, வேண்டாதபோது போகிறது. தூசிக்கு நாள்காட்டி தெரியாது.

கழுவுவதும் எளிய வேலையாக இல்லை. கூரையில் ஏறினால் விழும் ஆபத்து உண்டு. முரட்டுப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் தாளில் கீறல் விழும், அப்புறம் கீறல்களே ஒளியைச் சிதறடிக்கும். வறண்ட ஊரில் தண்ணீருக்கும் விலை அதிகம். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூரைகளில் இதற்கென்றே இயந்திரங்கள் கூரை மேல் ஊர்ந்து, பிரஷ்ஷைச் சுழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவுகின்றன.

செவ்வாயில் ஒரு துடைப்ப வேலை

தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை என்றால் தூசியை எப்படி அகற்றுவது? 2018 நவம்பரில் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் இன்சைட் விண்கலத்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. அதன் சூரியத் தகடுகளில் செவ்வாயின் செந்தூசி படிந்து மின்சாரம் குறைந்துகொண்டே போனது. 2021 மே மாதம் விஞ்ஞானிகள் ஒரு வினோத உபாயம் செய்தார்கள். தூசி படிந்த தகட்டுக்குப் பக்கத்தில் இயந்திரக் கையால் மணலைக் கொட்டச் சொன்னார்கள்!

அழுக்கின் மேல் மேலும் அழுக்கா? மாவும் கல் உப்பும் நினைவிருக்கிறதா? பெரிய மணல் துகள் ஒட்டாது. காற்று அதைத் தகட்டின் மேல் தள்ளியபோது, அது துள்ளித் துள்ளிப் போகும் வழியில் நுண்தூசியையும் கிளப்பிக்கொண்டு போனது. அதனால் ஒரு செவ்வாய் நாளுக்கு சுமார் 30 வாட்-மணி மின்சாரம் கூடுதலாகக் கிடைத்தது. இருந்தாலும் தூசி தொடர்ந்து படிந்தது. 2022 டிசம்பரில் இன்சைட் பேசுவதை நிறுத்தியது.

நம் ஊரில் அளந்து பார்ப்போமா?

ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ் எனும் பிளாஸ்டிக் குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் சுமார் 54 டிகிரி உயரத்தில் நிற்கிறது. துகளின் நிழல் ஒன்றேகால் மடங்குதான் நீளும். பருவமழையும் கூரையைக் கழுவிக் கொடுக்கிறது. ஆக, அல்மேரியாவின் கணக்கை அப்படியே எடுத்து நம் ஊரில் போட முடியாது. நாமே அளக்க வேண்டும். மழையில்லாத வாரங்களில் இதைச் செய்யுங்கள்.

தேவையானவை: ஒரே மாதிரியான மூன்று ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் செயலி உள்ள கைபேசி (அதன் ஒளி உணரும் பகுதிதான் நம் அளவி), ஒரு டார்ச்.

முதல் தாளை அலமாரிக்குள் வையுங்கள். இரண்டாவதை மொட்டைமாடியில் தட்டையாக, ஓரங்களில் கல் வைத்துப் பரப்புங்கள். மூன்றாவதை ஓர் அட்டையில் ஒட்டிச் சாய்வாக நிறுத்துங்கள். மாடியில் வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துத் தாள்களை அசைக்காமல் எடுத்து வாருங்கள்.

ஜன்னலோரம், ஒரே இடத்தில், அடுத்தடுத்து அளவிடுங்கள். நேர்வெயில் வேண்டாம், சில கைபேசிகளில் அளவி உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது. தாளை அளவியின் மேலேயே வைத்து எண்ணைக் குறியுங்கள். தூசித் தாளின் எண்ணைச் சுத்தத் தாளின் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால், எத்தனை சதவீத ஒளி மிஞ்சியது என்று தெரியும். தட்டைத் தாளா, சாய்ந்த தாளா, எதில் இழப்பு அதிகம்? அளப்பதற்கு முன்னாலேயே உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.

அடுத்து, இருட்டறையில் டார்ச்சை அசையாமல் பொருத்தி, அளவியின் மேல் ஒளி விழச் செய்யுங்கள். தூசித் தாளை முதலில் அளவியின் மேலேயே வைத்து அளவிடுங்கள். பிறகு அதே தாளை டார்ச்சுக்கு அருகே பிடித்து அளவிடுங்கள். சுத்தத் தாளிலும் இதையே செய்து, ஒவ்வோர் இடத்துக்கும் சதவீதம் போடுங்கள். தாள் அளவியின் மேல் இருக்கும்போது முன்னோக்கிச் சிதறிய ஒளியும் அதில் வந்து விழும். தாள் தொலைவில் இருந்தால் சிதறியது பக்கத்தில் போய்விடும். எனவே இரண்டு சதவீதங்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், அழியாமல் திசை மட்டும் மாறிய ஒளியைக் காட்டுகிறது. குடிலுக்குள் அந்த ஒளி வேறோர் இலைக்குப் போய்ச் சேரும். அளவியின் மேலேயே தாளை வைத்து அளந்தும் கிடைக்காமல் போன ஒளிதான் பெரும்பாலும் உண்மையான இழப்பு. கூரையைக் கழுவலாமா, இன்னும் ஒரு வாரம் போகட்டுமா என்று முடிவு செய்யும் விவசாயிக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.